போட்டாவின் மேல் ஒரு கேள்விக்குறி

மதுக்கரை பஸ் நிறுத்தத்தில் பாவாத்தாளுக்கு டீக்கடை. பேப்பர் ஏஜெண்டு சீனிவாசலு தினமும் காலையில் ஒரு பேப்பர் சும்மா கொடுப்பார். அதற்குப் பதிலாக, அன்றைய தலைப்பு அச்சடித்த போஸ்டரைக் கடை முன்னால் தொங்கவிட வேண்டும். அன்றைக்கும் பால் பொங்குகிற அவசரத்தில் படிக்காமலே மாட்டிப்போட்டாள். பெஞ்சிலிருந்தவர்கள் இளிப்பதைக் கண்டுதான் திரும்பிப் பார்த்தாள்.

'மில் அழகி கிணற்றில் பிணம்! காதலன் யார்?'

நம்ம செவ்வந்தி, கண்ணுகளா. ஷிப்ட் முடிந்து தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு வந்து, "சக்கரை தூக்கலாப் போடுங்க்கா" என்று கேட்கிற புள்ளை. தண்ணீர் சேந்தப் போன இடத்தில் கிணற்று மேட்டுக் கல் பெயர்ந்து உள்ளே விழுந்துவிட்டாள். கூடப் போனவர்கள் கண்ணாலே பார்த்தார்கள். நேற்றுச் சாயங்காலம்தான் அடக்கம். பாவாத்தாளும் ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்தாள்.

பெஞ்சிலிருந்தவர் கையிலிருந்து பேப்பரைப் பிடுங்கிப் படித்தாள். கட்டழகியாம். சிரித்துச் சிரித்துப் பேசுவாளாம். ஆண் நண்பர்கள் பலராம். யார் சொன்னது என்றால், 'கூறப்படுகிறது.' பக்கத்துப் பத்தியில் ஒரு நடிகையின் தொடை. செத்த புள்ளையின் முகத்தையும் அந்தத் தொடையையும் ஒரே கைதானே எடுத்து ஒட்டியிருக்கும்! வாயெல்லாம் கசந்துபோய், வெளியே வந்து காறித் துப்பினாள்.

"ஒண்ணுமில்லாமயா பேப்பர்ல போடுவாங்க?" என்றார் மாசாணம், டீயை உறிஞ்சிக்கொண்டே.

"ஏனுங்க, நேத்து அந்தப் புள்ள பாடைக்குத் தோள் குடுத்தது நீங்கதானுங்களே?"

மாசாணம் டம்ளருக்குள்ளே பார்த்தார். அவள் போஸ்டரைச் சரக்கென்று கிழித்து இழுத்தாள்.

அந்த நேரம் பார்த்து செவ்வந்தியின் அம்மா செல்லாத்தாள் வந்து நின்றாள். எழுத்து வாசனை இல்லாதவள். யாரோ கொடுத்த பேப்பரை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"அம்மணி, என்ற புள்ள படம் வந்திருக்குதாமா. என்ன எழுதியிருக்காங்கன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லு சாமி."

 பாவாத்தாள் கிழித்த போஸ்டரைப் பெஞ்சுக்கடியில் தள்ளினாள்.

"பொய்யா எழுதியிருக்காங்க்கா."

"பொய்யா? ஆஸ்பத்திரி வாசல்ல வந்து கேட்ட பேப்பர்க்காரத் தம்பிகிட்ட எல்லாம் வெவரமாச் சொன்னேனே. கல்லு பேந்துபோச்சுன்னு சொன்னேன். பெரிய மனுசங்க செத்தாப் போடுவாங்கல்ல, அந்த மாதிரி மரியாதையாப் போடுவாங்கன்னு போட்டாவையும் குடுத்துப்போட்டேன். அவ வேலைக்குச் சேந்தப்ப எடுத்தது. அது ஒண்ணுதான் இருந்துச்சு." பேப்பரை நீட்டினாள். "சரி, எழுதுனது கெடக்கட்டும். படத்தையாச்சும் வெட்டிக் குடு. கண்ணாடி போட்டு ஊட்ல மாட்டோணும்."

பாவாத்தாள் பேப்பரைப் பெஞ்சில் விரித்துக் கத்தரிக்கோலை எடுத்தாள். அதை வைத்து வெட்ட இடமில்லை. புள்ளையின் நெற்றியில் தொடங்கிக் கழுத்து வரைக்கும் வெள்ளையாக ஒரு பெரிய கேள்விக்குறி போட்டிருந்தார்கள். எப்படி வெட்டினாலும் அதுவும் கூடவேதான் வரும்.

"இதென்ன அம்மணி, மொகத்து மேல கொக்கி மாதிரி?" என்று செல்லாத்தாள் விரலால் துடைத்துப் பார்த்தாள். அது போகுமா?

பாவாத்தாள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். பாய்லருக்குக் கீழே எரிந்த கட்டைகளை இழுத்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள்.

"இன்னொரு டீ சொல்லியிருந்தேனுங்களே," என்றார் ஒருத்தர்.

"இன்னைக்கு டீ இல்லீங்க. படிச்சே நல்லா ருசிச்சீங்கல்ல, அதுவே போதும்."

கிழித்த போஸ்டரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, செல்லாத்தாளின் கையைப் பிடித்தாள்.

"எங்க அம்மணி?"

"கோயமுத்தூருக்கு. அந்த ஆபீசுக்கேதான். அவனுக அச்சடிச்சது அவனுககிட்டயே கெடக்கட்டும். நாம குடுத்த போட்டாவை வாங்கிட்டு வரோணும்."

கோயமுத்தூர் போகிற உக்கடம் பஸ் வந்து நின்றது. செல்லாத்தாளை முதலில் ஏற்றிவிட்டு, பின்னாலேயே இவளும் ஏறினாள்.