எதிரி நாடு

பயிற்சி அதிகாரி கோழியின் தலையைப் பல்லால் கடித்து இழுத்துத் துப்பியபோது சவுரியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வாயோரம் ஒட்டிய இறகைத் துடைத்துவிட்டு அவர் சிரித்தார். விமானம் விழும்போது கத்தியும் எங்கேயாவது விழுந்து தொலையும், பல் மட்டும் கூடவே இருக்கும் என்றார். சுற்றி நின்ற கேடட்டுகள் கைதட்டினார்கள். பிறகு இரண்டு பேருக்கு ஒன்று என்று உயிருள்ள கோழிகளைக் கொடுத்தார்கள். சவுரியப்பனோடு ஜோடி சேர்ந்தவன் மெஹ்ரா என்கிற டில்லிக்காரன். அவன் கண்ணை மூடிக்கொண்டு ஒரே கடியில் வேலையை முடித்தான். மோவாயில் ரத்தம் வழிய, பார்த்தாயா என்பதுபோலத் திரும்பிப் பார்த்தான்.

அறுபத்தொன்பதாம் வருஷத்துக் கோடை அது. பெங்களூர்ப் பக்கத்து விமானப்படைப் பயிற்சிக் கல்லூரியிலிருந்து லாரிகளில் ஏற்றி வந்து அவர்களைப் பென்னாகரம் காட்டில் இறக்கியிருந்தார்கள். எதிரி நாட்டில் விமானம் விழுந்துவிட்டால் பிழைத்துத் திரும்புவது எப்படி என்கிற பயிற்சி. கையில் காசு கிடையாது, சோறு கிடையாது. வரைபடமும் திசைகாட்டியும் ஒரு பேனாக்கத்தியும் மட்டும் உண்டு. ஏரியூர்ப் பக்கம் போட்டிருக்கும் முகாமுக்கு யாரிடமும் அகப்படாமல் போய்ச் சேர வேண்டும். வழியில் எதிர்ப்படுகிற ஆள் எல்லாம் எதிரி. அவர்களிடமிருந்து எதை எடுத்து வந்தாலும் மதிப்பெண் உண்டு, உயிருள்ளது என்றால் கூடுதல். திருட்டு என்ற சொல்லை யாரும் சொல்லக்கூடாது. 'புரொக்யூர்' பண்ணியதாக, அதாவது தேடிப் பெற்றதாகத்தான் சொல்ல வேண்டும்.

சவுரியப்பனுக்கு இதில்தான் சிக்கல். அவன் ஊர் நல்லம்பள்ளிக்குப் பக்கம். ராகியும் அவரையும் போடுகிற மதலைமுத்துவின் மகன். இந்த எதிரி நாடான பென்னாகரத்துச் சந்தைக்குத்தான் அப்பாவோடு மாடு பிடிக்க வந்திருக்கிறான். மெஹ்ராவுக்கோ இதைவிட நல்ல செய்தி வேறில்லை. எதிரியின் பாஷை தெரிந்த ஜோடி யாருக்கு வாய்க்கும் என்று அவன் முதுகில் தட்டினான்.

மறுநாள் உச்சி வெயிலில் ஒரு ஓலைக் கொட்டகையைப் பார்த்தார்கள். வாசலில் மூங்கில் கூடையைக் கவிழ்த்து உள்ளே ஆட்டுக்குட்டி ஒன்றை அடைத்து வைத்திருந்தார்கள். மெஹ்ரா திட்டம் சொன்னான். சவுரியப்பன் முன்னால் போய்ப் பேச்சுக் கொடுக்க வேண்டும், மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். சவுரியப்பன் மாட்டேன் என்று சொல்லவில்லை. பசி காதை அடைத்தது. போன தேர்வில் அவனுக்கு மதிப்பெண்ணும் குறைவு.

கொட்டகையில் செல்லி என்கிற நடுவயதுப் பெண் ஒருத்தி மட்டும் இருந்தாள். வழி தவறி வந்துவிட்டதாகவும் பசிக்கிறது என்றும் அவன் சொன்னான். அவள் வேறு எதுவும் கேட்காமல் உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்து, களியும் கீரைக் கடைசலும் போட்டாள். அவன் தின்பதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எந்தூருங்க தம்பி?"

"சேலத்துப் பக்கமுங்க."

"பேச்சு நம்மூருப் பேச்சாட்டமே இருக்குது. இன்னொரு உருண்டை வெக்கட்டுங்களா?"

வைக்கச் சொன்னான். வெளியே கூடை நகர்கிற சத்தம் கேட்டது. அவளுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று, இந்த வருஷம் மழை எப்படி, ஆற்றில் தண்ணீர் வருகிறதா என்று உரக்கப் பேசினான். அவள் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள்.

சவுரியப்பன் போய்ச் சேர்ந்ததும், குட்டி கத்தினால் அகப்பட்டுவிடுவோம் என்று புதருக்குள் மெஹ்ரா அதைக் கல்லால் அடித்துக் கொன்றான். அது ஒரே அடியில் சாகவில்லை. புகை தெரிந்தால் பிடிபடுவார்கள் என்பதால் தீ மூட்ட முடியாது. மெஹ்ரா ஈரலைப் பச்சையாகக் கடித்துப் பார்த்து உடனே வாந்தி எடுத்தான். சவுரியப்பன் தொடவே இல்லை. அவன் வயிறு களியால் நிறைந்திருந்தது. சாட்சிக்கு ஒரு காதை மட்டும் அறுத்துக்கொண்டு மெஹ்ரா நடந்தான். சவுரியப்பன் திரும்பிப் பார்த்தபோது குட்டியின் கண்ணில் அதற்குள் எறும்பு மொய்த்திருந்தது.

முகாமில் அந்தக் காதை அதிகாரி தம் கூடாரக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். இந்தக் கோர்ஸிலேயே நல்ல முயற்சி இதுதான் என்று எல்லாருக்கும் முன்னால் பாராட்டினார். சவுரியப்பனின் பேச்சுத் திறமைக்கும் தனியாக மதிப்பெண் போட்டார்.

அடுத்த நாள் காலையில் செல்லி முகாமுக்கு வந்தாள். பூட்ஸ் தடத்தைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்திருக்கிறாள். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்கச் சவுரியப்பனைக் கூப்பிட்டார்கள். அவனைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. தெரிந்த ஆள் ஒருவன் இருக்கிறான், நியாயம் கிடைத்துவிடும் என்கிற தெளிவு.

"இந்தத் தம்பிக்குத் தெரியுமுங்க. எங்கூட்டுக்கு வந்திருந்துச்சு. அன்னிக்கிதான் குட்டி போச்சுது."

அதிகாரி விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சுலபமாகச் சொன்னார். சிறுத்தை கொண்டு போயிருக்கும், எங்கள் ஆட்கள் யாரும் அந்தப் பக்கமே வரவில்லை, இதைச் சொல்லி அனுப்பு. அவர் தலைக்கு மேலே அந்தக் காது சுருங்கிக் கறுத்துத் தொங்கியது. ஈ மொய்த்தது. சவுரியப்பன் அதை அண்ணாந்து பார்த்தான்.

"சிறுத்தை இல்லீங்க," என்றான் அவளிடம். "நாங்கதான் எடுத்துக்கிட்டுப் போனோம். நான் உங்ககிட்ட பேச்சுக் குடுத்தேன். கூட வந்தவன் தூக்கிக்கிட்டுப் போனான். கொன்னாச்சுங்க."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை.

"பசின்னு சொன்ன, போட்டேன். அப்புறமும் எதுக்குப்பா?"

மதிப்பெண்ணுக்கு என்று எப்படிச் சொல்வது?

"வயிறு நெறஞ்சப்புறமும் திருடறவங்கள நான் இன்னிக்கித்தான் பாக்கறேன்," என்றாள். அதிகாரி என்ன நினைத்தாரோ, ஒரு டின் பால் பவுடரைக் கொடுக்கச் சொன்னார். அவள் அதை வாங்கி, முகாமுக்கு வெளியே ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

என்ன சொன்னாய் என்று அதிகாரி கேட்டார். சவுரியப்பன் ஒளிக்கவில்லை. திருடியதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பிடிபட்டால் பெயர், பதவி, எண் மூன்றைத் தவிர வாயைத் திறக்கக்கூடாது என்று ஒரு வருஷமாகப் படித்தவன், எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தியிடம் ஒரு நிமிஷத்தில் தோழனையும் சேர்த்துக் காட்டிக்கொடுத்துவிட்டான் என்றார். அவள் எதிரி இல்லை சார் என்று சவுரியப்பன் சொன்னான். அதை நீ முடிவு செய்ய முடியாது என்றார்.

பிடிபட்டவர்களுக்கு உண்டான பாடத்தை அன்று மத்தியானம் அவனுக்கு நடத்தினார்கள். சட்டையைக் கழற்றி ஜல்லியின்மேல் முழங்காலிட வைத்தார்கள். சாணித் தண்ணீர் வாளிகளை வரிசையாக வைத்து, ஆளுக்கொன்றாக அவன் தலையில் ஊற்றச் சொன்னார்கள். முதலில் வந்த மெஹ்ரா கூச்சப்பட்டான். அடுத்தவன் வேகமாக ஊற்றியதும் எல்லாரும் சிரித்தார்கள், மெஹ்ராவும் சிரித்தான். கண்ணைத் துடைத்துவிட்டு அந்த முகங்களைச் சவுரியப்பன் பார்த்தான். யார் முகத்திலும் வெறுப்பு இல்லை. சந்தோஷம்தான் இருந்தது. போன பருவத்தில் வேறொருவன் இப்படி முழங்காலிட்டிருந்தபோது அவனும் வாளி தூக்கியவன்தான். இதே மாதிரி சிரித்தவன்தான். சாணி நாற்றத்தைவிட அந்த நினைப்பு அதிகமாக நாறியது.

பெங்களூர் திரும்பியதும் விலகிக்கொள்வதாக எழுதிக் கொடுத்தான். மேலதிகாரி அன்பாகவே பேசினார். ஒரு பருவம் பின்தங்கினால் என்ன, நல்ல பையன், இதெல்லாம் ஆளை இறுக்குவதற்காகச் செய்வது, போகப்போக மறந்துவிடும் என்றார். மறந்துவிடும் என்றுதான் சவுரியப்பனுக்கும் பயமாக இருந்தது. சீருடையை ஒப்படைத்துவிட்டுப் பஸ் ஏறினான்.

வீட்டில் அம்மா மிக்கேலம்மாள் அழுதாள். மதலைமுத்து நடந்ததை முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, "ஒரு ஆட்டுக்குட்டிக்கா?" என்றார். அப்புறம் அவனோடு பேசவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோவிலுக்கு வெளியே ஆட்கள் சூழ்ந்துகொண்டபோது அவரே முந்திக்கொண்டார். பையனுக்குக் கண்ணில் ஏதோ கோளாறு, டாக்டர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள், ஏரோப்ளேன் ஓட்டக் கூடாது என்று எழுதிவிட்டார்கள், இல்லாவிட்டால் அவனை விட்டிருக்கவே மாட்டார்கள் என்றார். எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள்.

பெரியப்பா முறையான பிலவேந்திரன் அவன் முன்னால் வந்து விரல்களை விரித்துக் காட்டினார்.

"எத்தன வெரலுன்னு தெரியுதாடா?"

சவுரியப்பன் அப்பாவைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் மங்கலாத்தாங்க தெரியுது, பெரியப்பா," என்றான் அவன். சொல்லிவிட்டு, எச்சில் துப்ப இடம் தேடி மதிலோரமாக நடந்தான்.