கறுப்புக் கண்ணாடி மாமா

நூலகர் என்றால் நாளெல்லாம் சொகுசாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாள் என்று எங்கள் செம்மண்டலத்துத் தெருவில் ஒரு நினைப்பு. சிதம்பரத்தில் பஸ் மாறி, கூட்டத்தில் நசுங்கி, கீரப்பாளையம் வந்து கதவைத் திறந்தால் பெருக்குவதும் நான்தான், புத்தகம் அடுக்குவதும் நான்தான். படிக்க எங்கே நேரம்?

எனக்கென்று அங்கே இருந்தது ஒரு சுவர் மட்டும். ஓவியக் கல்லூரிக்கு அனுப்பாத வீட்டின் மேல் இருந்த கோபத்தையெல்லாம் அதில்தான் இறக்கினேன். விடுமுறை நாள்களில் வந்து, நூலகத்துக்கு எதிர்வீட்டு ராஜமாணிக்கம் மாமாவை வரைந்தேன். தினமும் தவறாமல் வருகிற வாசகர். கண் ஆபரேஷனுக்குப் பிறகு போட்ட கறுப்புக் கண்ணாடி, தோளில் துண்டு, கையில் விரித்த பேப்பர். என் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். மாமா சுவர் முன்னால் நின்று, "அச்சு அசலா நானேதாம்மா" என்றார். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

தேர்தல் தேதி அறிவித்த மறுநாள், கட்சிப் படங்களை அழிக்க ஓர் அதிகாரி, வெள்ளை பெயிண்ட் வாளியோடு ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"கறுப்புக் கண்ணாடி, தோள்ல துண்டு. தலைவர் படம்தானே மேடம்?"

"தலைவரும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். அதோ ஒக்காந்திருக்காரே, அவருதான். நல்லாப் பாருங்க!"

அவர் மாமாவையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் நம்புறேன். புகார் குடுக்கறவன் நம்பணுமே. அழிச்சிடுங்க."

கெஞ்சினேன். துணி போட்டு மூடுகிறேன் என்றேன். வெட்கமில்லாமல் அழுதேன். அவருக்கே சங்கடமாகிவிட்டது.

"சரி, கண்ணாடிக்குப் பதிலா கண்ணு வரைஞ்சிடுங்க. பக்கத்துத் தெருவ பாத்துட்டு வரேன்," என்று ஆளையும் வாளியையும் விட்டுவிட்டுப் போனார்.

ஓடிப்போய் பெயிண்டை எடுத்தேன். "மாமா, கண்ணாடியக் கழட்டுங்க, சீக்கிரம்."

"வேணாம்மா. நீயே எதுனா போட்டுக்க."

"பாக்காம எப்படிப் போடுவேன்? அழிச்சிடுவாங்க மாமா!"

தயங்கித் தயங்கிக் கழற்றினார். ஒரு கண் குழி விழுந்து மூடியிருந்தது. இன்னொன்று முழுக்க வெள்ளை. முகத்துக்கு முன்னால் கையை அசைத்தேன். இமைகூட ஆடவில்லை.

"அந்த ஆபரேஷனோட போச்சும்மா," என்றார் மெதுவாக. "வீட்ல பேச்சு தாங்கல. இங்க பேப்பர விரிச்சிக்கிட்டா நானும் ஒரு மனுஷன். வெளிய சொல்லிடாத."

தினமும் என் எதிரே உட்கார்ந்தவருக்குப் பார்வை இல்லை என்று தெரியாத நான், அவரைப் பார்த்து வரைந்தேனாம்! அவரும் பார்க்காத படத்தைத்தான் மெச்சியிருக்கிறார்.

நல்ல கண்ணாக இரண்டைப் போட்டிருக்கலாம். பிரஷ்ஷைச் சுவரில் வைத்தேன்; அவருக்கு இல்லாத கண்ணைப் போட மனம் வரவில்லை. உள்ளபடி வரைந்தாலோ, அவர் மறைத்ததை ஊரே பார்க்கும்.

வாளிக்காரரிடம் சைகை காட்டிப் பட்டைப் பிரஷ்ஷை வாங்கினேன். முதலில் படத்திலிருந்த பேப்பரை வெள்ளை பூசி அழித்தேன், பிறகு துண்டை. முகத்துக்கு வந்தபோது கண்ணீரில் சுவரே தெரியவில்லை.

பிரஷ் சத்தம் கேட்டு மாமா நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"கண்ண நல்லா பெருசா போடும்மா."

"பெருசாத்தான் போடறேன் மாமா," என்றேன்.