மாயக்காளிடம் கேட்டது

1984 ஜூன் மாதம். பசுமலையில் ஒரு மனநல ஆலோசனை நிலையத்தில் பயிற்சியில் இருந்தேன். தாவரவியல் படித்தவள். ஆட்களிடம் பேசக் கூச்சப்படுகிறவள் இந்த வேலைக்கு ஏன் போனாய் என்று வீட்டில் இன்னமும் கேட்கிறார்கள்.

சான்றிதழ் கிடைக்க இருநூறு மணி நேரம் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும். எனக்கு மேற்பார்வையாளர் அன்னக்கொடி. என்னைவிட ஆறு வயதுதான் மூத்தவர். உசிலம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். முதல் நாளே, "மேடம்னு கூப்பிட்டா பின்னாடி யாரோ நிக்கிறாகன்னு திரும்பிப் பாப்பேன். அக்கான்னு சொல்லு" என்றார்.

ஒவ்வொரு சந்திப்பையும் எழுதித் தர வேண்டும். தாளில் மூன்று கட்டம். வந்தவர் சொன்னது, நான் சொன்னது. மூன்றாவது கட்டம் அக்கா தானாகச் சேர்த்தது: தேவையில்லை என்று விட்டது. அது காலியாக இருந்தால் தாள் திரும்பி வந்துவிடும்.

அந்த வியாழக்கிழமை நான் சந்தோஷமாகத் தாளை நீட்டினேன். மாயக்காள் தேறிவிட்டார் என்று எழுதியிருந்தேன். அலங்காநல்லூரைத் தாண்டி ஒரு கிராமத்துக்காரர். கணவர் இறந்து நான்கு மாதம். பிள்ளைகள் இல்லை. தூக்கமில்லை என்று ஒரு டாக்டர் அனுப்பியிருந்தார். ஐந்து வாரம் அழுதவர் அந்த வாரம் அழவில்லை. நன்றாகத் தூங்குவதாகச் சொன்னார்.

அக்கா மூன்றாவது கட்டத்தில் விரலை வைத்தார்.

"விதைநெல்லத் தங்கச்சிக்குக் குடுத்துட்டாகளா?"

"ஆமாக்கா. ரெண்டு மூட்டை. கிளம்பறப்போ சொன்னாங்க."

"நிலத்தக் குத்தகைக்கு விட்டுட்டாகளா?"

"கேக்கலை."

"கால்வாயில தண்ணி விட்டு எட்டு நாளாச்சு. நாத்துப் பாவுற நேரத்துல எவளாவது விதைநெல்லத் தூக்கிக் குடுப்பாளா?" தாளை மடித்து வைத்தார். "செத்துப்போகணும்னு தோணுதான்னு கேட்டியா?"

கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை யாரும் சொல்வதில்லை. வாய் தவறிச் சொன்னால் அம்மா சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். ஐந்து வாரமும் தூக்கம், சாப்பாடு என்றே சுற்றி வந்திருந்தேன்.

"செருப்ப மாட்டு. போவோம்."

அலங்காநல்லூர் பஸ்ஸில் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் அக்கா, "நீதான் கேக்கணும். இப்ப எங்கிட்டக் கேளு" என்றார்.

"உங்களுக்குத் தப்பா ஏதாவது எண்ணம்..."

"தப்பான எண்ணம்னா? எருமை திருடுறதா?"

"உங்களுக்குச் செத்துப்போகணும்னு தோணுதா?"

"எனக்கே கேக்கல."

பல்லைக் கடித்துக்கொண்டு சத்தமாகக் கேட்டேன். முன் சீட்டுப் பெரியவர் திரும்பினார். "எனக்கா தாயி? இன்னும் ரெண்டு பொண்ணக் கட்டிக் குடுக்கணுமே."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு முகம் எரிந்தது. இறங்கும்வரை ஏழெட்டு முறை சொல்ல வைத்தார்.

மாயக்காள் வீட்டில்தான் இருந்தார். வீடு கழுவிவிட்டதுபோல் இருந்தது. பாத்திரங்களைத் துலக்கிக் கவிழ்த்திருந்தார். என்னைப் பார்த்துப் பதறி எழுந்தார்.

"என்ன தாயி, இம்புட்டுத் தூரம்?"

"மதினி, குடிக்கத் தண்ணி குடுங்க" என்றார் அக்கா. வாங்கிக் குடித்துவிட்டு எதிரே இருந்த புளியமரத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். உள்ளே நாங்கள் இருவர் மட்டும்.

பஸ்ஸில் சொல்லிப் பார்த்தபடியே கேட்டேன்.

"அம்மா, உங்களுக்குச் செத்துப்போகணும்னு தோணுதா?"

கோபப்படுவார் என்று நினைத்தேன். தரையில் உட்கார்ந்தார்.

"ஆமா தாயி."

"எப்போன்னு நினைச்சிருக்கீங்களா?"

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. அது கழியட்டும்னு இருந்தேன்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "இம்புட்டு நாளா யாரும் கேக்கல. சாப்பிட்டியான்னு ஊரே கேட்டுச்சு. தூங்குனியான்னு நீ கேட்ட."

நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகுநேரம் அழுதார். அதன் பிறகுதான் அக்காவைக் கூப்பிட்டேன். அடுத்த தெருவிலிருந்து தங்கச்சி முருகம்மாளை வரவழைத்தோம். மாயக்காளே அவரிடம் சொன்னார். "அடிப்பாவி, இதுக்குத்தான் நெல்லக் குடுத்தியா?" என்று முருகம்மாள் மாயக்காளைக் கட்டிக்கொண்டார். வயலுக்கு வாங்கி வைத்திருந்த மருந்தை எடுத்துப் போனார். ஒரு நேரமும் தனியாக விடுவதில்லை, மறுநாள் காலை டாக்டரிடம் கூட்டிப்போவது என்று பேசி முடித்தோம்.

திரும்பும்போது, "நீங்களே கேட்டிருக்கலாமேக்கா. நான் சொதப்பியிருந்தா?" என்றேன்.

"சொதப்பியிருந்தா உள்ள வந்திருப்பேன். காது அங்கதான் இருந்துச்சு. ஆனா நான் கேட்டிருந்தா அடுத்த வாரம் அவுக யாருகிட்ட வருவாக? அவுக நம்புறது உன்னைத்தான."

நன்றியை அவரிடம் வாய்விட்டுச் சொல்ல எனக்கு வரவில்லை. வழி முழுக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். அக்கா தூங்கிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மாயக்காள் தங்கச்சியோடு வந்தார். முருகம்மாள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். கதவைச் சாத்தினேன். எப்படித் தொடங்குவது என்று யோசிப்பதற்குள் அவரே சொன்னார்.

"அதக் கேளு தாயி. முதல்ல அத முடிச்சுருவோம்."

கேட்டேன்.

"ஞாயித்துக்கெழமை தோணுச்சு. இவள எழுப்பிச் சொன்னேன். திட்டிக்கிட்டே காப்பி போட்டுக் குடுத்தா" என்றார். "இன்னைக்கு இல்ல."