இருவர் பலகை

பனியில் சறுக்கும் பலகை ஒன்றைக் கடைத் தரையில் கிடத்தி, "ஏறி நில்லு" என்றான் கடைக்காரன் நெஸ்தோர். சில்வினா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு ஏறி நின்றாள். அவளுடைய பாதங்கள் இரண்டும் தாமாகவே எதிரெதிர்ப் பக்கம் பார்த்து விரிந்துகொண்டன.

"யாரு உன்னை இப்படி வாத்து மாதிரி நிக்கச் சொன்னது?"

விறகடுப்பை ஒட்டிக் கிடந்த பெஞ்சில் அவள் கணவன் ஃபாபியான் உட்கார்ந்திருந்தான். கைத்தடி முழங்கால்களுக்கு நடுவில் இருந்தது. உள்ளே நுழையும்போதே அவன் அந்தத் தடியைத் தூக்கிக் காட்டி, "ஏய் மொட்டை, எனக்கு இப்ப மூணு காலு. மூணு காலுக்கும் பிடி வச்ச பலகை இருந்தா எடுத்து வை" என்றிருந்தான். நெஸ்தோர் தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான். மலையடி ஊரான எஸ்கேலில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். தெரியும் என்பதை யாரும் காட்டிக்கொள்ளாமல் இருந்தார்கள்.

கல்யாணமான புதிதில் அவர்களால் ஒரே ஒரு பலகைதான் வாங்க முடிந்தது. பிறகு இன்னொன்று வாங்கியிருக்கலாம். அதற்குள் அதுவே பழக்கமாகிவிட்டது. ஒருவர் மேலே போய்ச் சறுக்கி வருவார். மற்றவர் கீழே வெந்நீர்க் குடுவையும், சுரைக்குடுக்கையில் ஊறும் மாத்தே இலைத் தேநீருமாகக் காத்திருப்பார். வந்தவர் பலகையை நீட்டுவார், நின்றவர் மாத்தேயை நீட்டுவார். பலகையில் நிற்க அவளுக்கு இடது கால் முன்னால், அவனுக்கு வலது கால். அதனால் இரண்டு முனைகளும் ஒன்றுபோல இருக்கும் பலகையாகப் பார்த்து வாங்கினார்கள். ஒவ்வொரு முறையும் திருப்புளியைத் தேட வேண்டாம் என்று பாதங்களைப் பூட்டும் கால்பிடிகளை இரு பக்கமும் விரித்து முடுக்கிவிட்டார்கள். அவன் பாதத்துக்காக அகலம், அவள் உயரத்துக்காக நீளம் குறைவு. யாருக்கும் முழுதாகப் பொருந்தாத பலகை அது. எத்தனையோ குளிர்காலங்கள் போன பின்னும் இருவரும் சறுக்குவதில் நடுத்தரத்தைத் தாண்டவில்லை. யாராவது கேலி செய்தால், "ஒரு ஆளு கத்துக்கறதை ரெண்டு பேரு பங்கு போட்டா வேற எப்படி இருக்கும்?" என்பான் ஃபாபியான். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

போன செப்டம்பரில், அங்கே குளிர்காலம் முடிந்து பனி மெலிந்துபோயிருந்த ஒரு மதியம், அவன் நேராக ஒரு பாறை மேல் ஏற்றிவிட்டான். பலகையின் இரும்பு விளிம்பு பிய்ந்து, அடுக்குகள் விட்டுப்போயின. "பின்காலு சொன்ன பேச்சு கேக்கல" என்றான். அவள் சிரித்தாள். அவனும்தான் சிரித்தான். இந்த வருட இலையுதிர் காலத்தில், லெங்கா மரங்கள் சிவந்திருந்தபோது, அந்தக் கால் எதற்குமே பேச்சு கேட்காமல் போயிற்று. நரம்பு சம்பந்தப்பட்டது, ஒரு காலோடு நிற்காது என்று மருத்துவர் சொன்னபோது அவர்கள் அடுத்தடுத்த நாற்காலிகளில் அமர்ந்திருந்தார்கள். அதன் பிறகு அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

நெஸ்தோர் உள்ளே போய் இன்னொரு பலகையோடு வந்தான். முன்முனை நீண்டு மேல்நோக்கி வளைந்திருந்தது. பின்முனை குட்டை. "இதைப் பாரு. புதுப் பனின்னாலும் சரி, இறுகிக் கெடந்தாலும் சரி, எங்க வேணா போகும். அளவா வளையும், உன் மாதிரி நடுத்தரக்காரிக்குப் பயமில்ல. அகலமும் உன் காலுக்குச் சரியா இருக்கு."

"எனக்கு ரெண்டு முனையும் ஒண்ணா இருக்கறது வேணும்."

"எதுக்கு? நீ தலைகீழாவா சறுக்கப் போற?"

"பழக்கம்."

நெஸ்தோர் பெஞ்சுப் பக்கம் பார்த்தான். அடுப்பில் விறகு வெடித்தது. தான் நின்றுகொண்டிருந்த, பழையதைப் போன்ற பலகை தனக்கு அகலம் என்பது சில்வினாவுக்கு முதலிலேயே தெரிந்திருந்தது. ஆனாலும் அதைவிட்டு இறங்க அவளுக்கு மனம் வரவில்லை. இறங்கினால் ஏதோ ஒன்றைச் சொன்னதாகிவிடும்.

"மொட்டை" என்றான் ஃபாபியான். "அவளுக்கு மட்டும் பாரு."

அவள் திரும்பினாள். "அடுத்த வருஷம்..."

"குண்டு." சதையே இல்லாத அவளை முதல் நாளிலிருந்து அவன் அப்படித்தான் கூப்பிட்டான். "எனக்காக நீ கோணலா நின்னது போதும். நேரா நில்லு."

அவன் குரலில் கோபமில்லை. உப்பு எடுத்துக் கொடு என்பதுபோலச் சொன்னான். அவள் தரையைப் பார்த்தாள். பிறகு இறங்கி, மற்றதன் மேல் ஏறினாள்.

"எந்தக் காலு முன்னால?" நெஸ்தோர் திருப்புளியோடு குனிந்தபடி கேட்டான். ஃபாபியான்தான் பதில் சொன்னான். "இடது."

நெஸ்தோர் பின்பிடியைத் தளர்த்தி, முன்பக்கமாகச் சற்றுத் திருப்பி, மறுபடி முடுக்கினான். ஒவ்வொரு திருகும் இறுகும் சத்தம் அவளுக்குத் தனித்தனியாகக் கேட்டது.

திங்கட்கிழமை அவள் வேலை பார்க்கும் ரொட்டிக்கடைக்கு விடுமுறை. மலைக்குப் போனார்கள். ஃபாபியானைக் கீழே, எப்போதும் நிற்கும் வேலியோரம் விட்டுவிட்டுக் கம்பிவட நாற்காலியில் அவள் ஏறினாள். மேலே காற்று வீசியது. முதல் திருப்பத்திலேயே பலகை அவள் நினைப்பதற்கு முன்பே திரும்பிவிட்டது. அவள் பயந்து, மறுபடி சாய்ந்தாள். மறுபடியும் திரும்பியது. இத்தனை காலமும் குதிகாலை அழுத்தி, இடுப்பை முறுக்கி, கெஞ்சிக் கெஞ்சி வாங்கியதையெல்லாம் இது கேட்காமலேயே கொடுத்தது. மரங்களுக்கு நடுவே தூள்பனியில் புகுந்து, அந்தப் பக்கம் இறுகிய சரிவில் வெளியே வந்தாள். தன்னால் இவ்வளவு முடியும் என்று அவளுக்குத் தெரியாது. அவனாலும் முடிந்திருக்குமோ, அவனுக்கென்று ஒன்று இருந்திருந்தால். அந்த எண்ணம் வந்தபிறகு வேகத்தைக் குறைக்கப் பார்த்தாள். பலகை குறையவில்லை.

அவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வந்து நின்றதும், "யாரோ தெரியாத பொம்பள வராளேன்னு பாத்தேன்" என்றான்.

அவள் மூச்சு வாங்கியபடி குனிந்து இரண்டு கால்களையும் விடுவித்தாள். பலகையைத் தூக்கினாள். நீட்டினாள்.

நீட்டிய பிறகுதான் அது பழைய பழக்கம் என்று அவளுக்குத் தெரிந்தது. கையை மடக்கத் தெரியாமல் அப்படியே நின்றாள்.

ஃபாபியான் மாத்தேயை வேலிக்கம்பத்தின் மேல் வைத்தான். கைத்தடியைப் பனியில் ஆழமாகக் குத்தி நிறுத்திவிட்டு, வேலியில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் பலகையை வாங்கினான். அதன் மேல் ஒட்டியிருந்த பனியைச் சட்டைக் கையால் நிதானமாகத் துடைத்தான். நீண்ட முனை எது என்று விரலால் தடவிப் பார்த்தான். பிறகு அந்த முனை மலையைப் பார்க்கும்படி திருப்பி, அவள் காலடியில் வைத்தான்.

கம்பத்தின் மேல் மாத்தேயிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. தடி பனியில் தனியாக நின்றது.