பெரியப்பா என்கிற பதினாலாயிரம் வரி

அந்த மருத்துவமனையின் கணினிப் பிரிவில் பெரியப்பா என்றால் ஆள் இல்லை, ஒரு புரோகிராம் ஃபைல். பதினாலாயிரம் வரி. டோக்கன் கொடுப்பது, ரசீது போடுவது, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் அனுப்புவது என்று எதுவும் பெரியப்பாவைக் கேட்காமல் நடக்காது. ஒருமுறை ரசீதில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கியதற்கு, இரண்டு மாடி தள்ளி எக்ஸ்ரே அறையில் டோக்கன் நின்றுபோனது. பெரியப்பாவுக்குக் கோபம் வந்தால் யார் மேல் காட்டுவார் என்று யார் கண்டது?

அவரைக் கட்டி மேய்க்க இரண்டே பேர். ஒருத்தி அக்கா. இன்னொருவன் பஞ்சர். எங்கே ஓட்டை விழுந்தாலும் பத்து நிமிடத்தில் ஒட்டுப் போட்டுவிடுவதால் வந்த பட்டம். அதில் அவனுக்குப் பெருமைகூட இருந்தது. யானையும் தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும்போது தும்பிக்கையைப் பெருமையாகத்தான் தூக்குகிறது.

கணவருக்கு மாற்றலாகி, அக்கா வெள்ளிக்கிழமையோடு வேலையை விடுகிறாள். பெரியப்பாவின் பாதி ரகசியம் அவளுக்குத்தான் தெரியும். அவள் போய்விட்டால் பஞ்சருக்கு இனி லீவு கிடையாது, காய்ச்சல் கிடையாது, மச்சினி கல்யாணம்கூடக் கிடையாது. அதனால் திங்கட்கிழமை இருவரும் மேலாளர் அறைக்குப் போனார்கள். கேட்டது, பெரியப்பாவைப் பிரித்து எழுத மூன்று மாத அவகாசம். கிடைத்தால் அதுவரை இருப்பதாக அக்கா சொல்லியிருந்தாள்.

"இது கூட்டுக் குடும்பம் சார்," என்றான் பஞ்சர். "ஒருத்தர் குளிச்சா இன்னொருத்தருக்குச் சோறு வேகாது. பிரிச்சுத் தனிக்குடித்தனம் வெச்சுடலாம். டோக்கனுக்கு ஒரு வீடு, ரசீதுக்கு ஒரு வீடு, ரிப்போர்ட்டுக்கு ஒரு வீடு. ஏதாவது வேணும்னா வாசல்ல நின்னு கேட்டு வாங்கிக்கட்டும். அடுத்தவன் அடுப்படிக்குள்ள நுழையக் கூடாது. பராமரிப்புச் செலவு பாதியாக் குறையும்."

மேலாளர் நல்ல மனிதர். அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் வெளியே வந்து திட்டவாவது செய்யலாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கணினியை அவர்கள் பக்கம் திருப்பினார்.

"இப்ப என்ன செலவாகுதுன்னு மேலிடம் கேக்குமே தம்பி. புகார்ப் பதிவேட்டைப் பாருங்க. போன வருஷம் முழுக்க நாலே புகார். அதுலயும் ஒண்ணு ஃபேன் ஓடலைன்னு."

பஞ்சர் திரையை எட்டிப் பார்த்தான். நாலேதான். கவுண்டர் பெண் போன் செய்து "அண்ணா, மறுபடி நின்னுபோச்சு" என்பாள். "எழுதாதம்மா, பத்தே நிமிஷம்" என்பான் இவன். எட்டு வருடமாக முடிந்தவரை எதையும் எழுத விட்டதில்லை.

"தினமும் மூணு நாலு வரும் சார். நாங்கதான் எழுத வேணாம்னு..."

"எழுதலைன்னா நடக்கலைன்னுதானே அர்த்தம்?"

அக்கா விடவில்லை. "இவன் மத்தியானச் சாப்பாட்டை முழுசா சாப்பிட்டு ரெண்டு வருஷமாச்சு சார். அதை எந்தப் பதிவேட்டுல எழுதறது?"

மேலாளர் சிரித்தார். பிறகு நிஜமாகவே வருத்தப்பட்டார். "நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் மோசமா வேலை பாத்திருந்தா எப்படியாவது வாங்கிக் குடுத்திருப்பேன்மா. நோயே இல்லாத ஆளுக்கு ஆபரேஷன்னா, ஆஸ்பத்திரியிலயே சிரிப்பாங்க."

"சரி," என்றாள் அக்கா, வெளியே வந்ததும். "நாளையிலேர்ந்து புகாரை எழுதி வாங்கு. எழுதி வந்தாத்தான் கை வைக்கணும். கல்லு மாதிரி இரு."

மறுநாள் காலையிலேயே போன் வந்தது. ரத்தப் பரிசோதனை டோக்கன் வரவில்லை.

"எழுதி அனுப்பும்மா," என்றான் பஞ்சர், கல்லைப் போல.

"எழுதறேன் அண்ணா. ஆனா புகார் ஃபாரத்துல பதினாறு கட்டம் இருக்கு. இங்க ஒரு பெரியவர் ராத்திரியிலேர்ந்து வெறும் வயித்தோட நிக்கிறார். உக்கார எடம் கேக்கறார்."

கல் ஏழு நிமிடத்தில் சரிசெய்துவிட்டது. புகார் எழுதப்படவில்லை.

"நீ கல்லு இல்லடா, வெல்லக்கட்டி," என்று தலையில் அடித்துக்கொண்டாள் அக்கா. புதன்கிழமை போன் வந்தபோது பஞ்சர் வெளியே போயிருந்தான். எடுத்தது அக்கா. அவளும் எழுத வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அக்கா தன் பூந்தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். "எதுவா இருந்தாலும் போன் பண்ணுடா" என்றாள். பண்ணினால் 'எழுதி வாங்கினியா?' என்றுதான் கேட்பாள் என்று இருவருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை மத்தியானம் டப்பாவைத் திறந்து இரண்டாவது கவளம் எடுக்கும்போது போன் அடித்தது. ரசீதில் எல்லோருக்கும் ஒரே வயது விழுகிறதாம். பஞ்சர் இடது கையால் பெரியப்பாவைத் திறந்து இறங்கினான். ஒன்பதாயிரம் வரி தாண்டி, அவன் இதுவரை எட்டிப் பார்க்காத மூலையில், அக்கா ஆறு வருடத்துக்கு முன் எழுதிவைத்த குறிப்பு இருந்தது:

'தம்பி, கீழே இருக்கிற மூணு வரியைத் தொடாதே. ஏன்னு எனக்கும் தெரியாது.'

அவன் தொடவில்லை. அதற்குக் கீழே இன்னும் மூன்று வரி சேர்த்தான்.

"வந்துடுச்சு அண்ணா!" என்றாள் கவுண்டர் பெண். "ஏதோ எழுதணும்னு சொன்னீங்களே, எழுதட்டுமா?"

"எதுக்கும்மா? அதான் சரியாயிடுச்சே."

வாய் சொல்லி முடித்த பிறகுதான் அது அவன் காதில் விழுந்தது. அதற்குள் அவள் போனை வைத்துவிட்டாள்.