ஒற்றைத் தும்மல்காரன்

வட்டக்கச்சிப் பரமலிங்கம் தும்மினால் மழை நின்றுவிடும். தூறலோ மாரி மழையோ, ஒரே ஒரு தும்மல்தான் கணக்கு. மூன்று போகம் நெல் கருகிய பிறகு கமக்காரர்கள் கூட்டம் கூடி அவனை ஊரைவிட்டுத் தள்ளிவைத்தார்கள்.

"மழை வேண்டாத ஊராப் பாத்துப் போ," என்றார் தலைவர் செல்வநாயகம், பத்து முழம் விலகி நின்று. "முதல்ல மூக்கைப் பொத்து!"

மழை வேண்டாத ஊர் எது? கருவாடு காயப்போடுகிற ஊர். பரமலிங்கம் முல்லைத்தீவுக்குப் புறப்பட்டான். கறுத்த முகில் ஒன்று பின்தொடர்ந்தது. விசுவமடுவில் அவன் தேத்தண்ணிக்கு நிற்க அதுவும் நின்றது. அவன் பஸ் ஏற அதுவும் வேகம் பிடித்தது. மூன்று போகத்துக் கோபம் அதற்கு.

கடற்கரையில் கருவாட்டுக்காரி மார்கிறட் ஒரு கிழமையாகச் சேர்த்த நெத்தலி மீனை வலைகளில் காயப் பரப்பியிருந்தாள்.

"அக்கா, நான் மழையை நிப்பாட்டுவன். இருக்க இடம் தருவீங்களோ?"

"கதையை விடும் தம்பி. முகில் தலைக்கு மேல நிக்குது. நிப்பாட்டிக் காட்டும், இல்லையெண்டா அடுத்த பஸ்ஸைப் பிடியும்."

வானம் உடைந்தது. பரமலிங்கம் தும்மினான். மழை நின்றது, பனை உயரத்தில். துளிகள் கீழே வரவுமில்லை, திரும்பிப் போகவுமில்லை.

அப்போது மூக்கு மறுபடி அரித்தது. அவன் சீவியத்தில் இரண்டாம் தும்மல் வந்ததேயில்லை. மூக்குத் துடிக்கத் துடிக்கத் துளிகள் முழம் முழமாக இறங்கின.

"கெதியா அள்ளுங்கோ அக்கா! இரட்டைத் தும்மல் வருது!"

"இரட்டை நல்ல சகுனமெல்லோ?"

"மேல பாருங்கோ!"

பார்த்தவள் ஓடினாள். ஒரு வலை, இரண்டு வலை. துளிகள் அடுப்படிக் குசினிக் கூரையைத் தொட்டன. பரமலிங்கம் நாக்கைக் கடித்தான், கண் பிதுங்கியது. கடைசி வலை கிடந்தபோது மழை அவன் தலைமயிரில் நின்றது. வாய் தானாகத் திறந்தது.

மார்கிறட் செதில் ஒட்டிய கையால் அவன் மூக்கை இறுக்கிப் பிடித்தாள். ஊரில் அவனை ஒருவரும் தொட்டதில்லை. மூக்கோடு அவனையும் இழுத்துக்கொண்டே மற்றக் கையால் வலையைச் சுருட்டிக் கொட்டிலுக்குள் எறிந்தாள். பிறகு அவனையும் உள்ளே தள்ளினாள்.

"இப்ப தும்மும்."

வானம் ஒரே கட்டாக விழுந்தது. கடல் ஒரு சாண் உயர்ந்தது. அளந்து பார்த்தவர் இல்லாதபடியால் மறுத்தவரும் இல்லை.

மார்கிறட் நெத்தலியைக் கையில் அள்ளி முறித்துப் பார்த்தாள். மொறுக்கென்று முறிந்தது.

"நாளைக்குக் கணவாய் காயப்போட வேணும்," என்றாள். "அந்த மூலையில பாய் கிடக்கு. தலையைத் துவட்டும், தடிமன் பிடிச்சுத் தும்மத் தொடங்கினா ரெண்டு பேரும் துலைஞ்சம்."