கந்தப்பளை வீட்டுக்காரி

முதலில் வந்த படத்தில் குசினிக் கதவு மட்டும் இருந்தது. கதவுக்கும் நிலைக்கும் நடுவில், மேல் பக்கம் நாலு விரல் நுழைகிற இடைவெளி. கீழே வர வர அது ஒடுங்கி ஒன்றுமில்லாமல் போயிருந்தது. படத்துக்கு அடியில் ஜீவராணி எழுதியிருந்தாள்: "அக்கா, காலையில இருந்து கதவு மூடமாட்டேங்குது."

தனுஜா அப்போதுதான் வத்தளையில் தான் வேலை பார்க்கும் துணிக்கடையைத் திறந்து கவுண்டரில் உட்கார்ந்திருந்தாள். நவம்பர் மாத வியாழக்கிழமை. மூன்று நாளாக மழை விடவில்லை. படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு எப்போதும் செய்வதைச் செய்தாள். படத்தைச் சித்தப்பா மகன் திலக்ஷனுக்கு அனுப்பி, போய்ப் பார்க்கச் சொன்னாள்.

கந்தப்பளை வீடு, குவைத்தில் அவள் வேலை பார்த்த ஒன்பது வருடச் சம்பாத்தியம். அக்கரப்பத்தனையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தவள். அந்தக் குடும்பத்தில் சொந்தப் பெயரில் உறுதிப் பத்திரம் எழுதி நிலம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். இரண்டு அறை, ஒரு குசினி, பின்னால் மண் சரியாமல் இருக்கக் கல்கட்டு, அதற்கு மேலே யாரோ ஒருவருடைய கேரட் தோட்டம். கணவருக்கு வேலை கொழும்பில் என்பதால் அந்த வீட்டில் அவள் ஒரு நாள்கூட படுத்து எழுந்ததில்லை. வாடகை வங்கிக்கு வந்துவிடும். குழாய் உடைந்தால் படம் வரும், திலக்ஷன் ஆட்டோவில் போய்ச் சரி செய்வான், சரி செய்த படம் வரும். வீட்டைப் பார்த்துக்கொள்வது என்றால் அவளுக்கு அவ்வளவுதான்.

ஜீவராணி மூன்று வருடமாக அங்கே குடியிருக்கிறாள். மரக்கறி கழுவி மூட்டை கட்டும் இடத்தில் வேலை. கணவன் செல்லசாமி தம்புள்ளைக்கு லொறி ஓட்டுகிறவன், பாதி நாள் ரோட்டில்தான் இருப்பான். ஒரே மகள் ரூபிகா, ஐந்தாம் வகுப்பு. எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் கிடையாது. "பேப்பர் குடுத்தா நாளைக்கு எழுப்ப ஏலாதுக்கா" என்று திலக்ஷன் சொன்னபோது தனுஜாவுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஏப்ரலில், நுவரெலியாவுக்குக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வரும் சீசனில், அறைகளை நாள் வாடகைக்கு விடலாம் என்று திலக்ஷன் யோசனை சொன்னான். தனுஜா ஜீவராணியைக் கூப்பிட்டு, ஒரு மாதத்தில் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். ஜீவராணி போகவில்லை. ஆகஸ்டில் பிள்ளைக்குப் புலமைப்பரிசில் பரீட்சை என்று அழுதாள். தனுஜா விட்டுக்கொடுத்தாள். ஆனால் அந்த அழுகையை அவள் முழுதாக நம்பவில்லை.

அதனால்தான் அக்டோபரில் கல்கட்டில் வெடிப்பு விழுந்த படம் வந்தபோது, 'வாடகையைக் குறைக்கப் பார்க்கிறாள்' என்று நினைத்தாள். திலக்ஷனும் அதையே சொன்னான். ஒரு மூட்டை சீமெந்து வாங்கி வெடிப்பைப் பூசி, வெயில் விழுகிற நேரம் பார்த்து ஒரு படம் அனுப்பினான். அழகாக இருந்தது.

இப்போது திலக்ஷன் அழைத்தான். "மழைக்குக் கதவு ஊதியிருக்கும்க்கா. வெயில் வந்தா சரியாயிடும்."

"ஊதுன கதவு இறுகும்டா. இது எப்படி விலகி நிக்குது?"

படத்தை மறுபடியும் திறந்து பார்த்தாள்.

"கதவு நேராத்தான் இருக்கு. நிலைதான் சாயுது" என்றாள் தனுஜா. சொன்ன பிறகுதான் அது அவளுக்கே விளங்கியது. "நீ ஒடனே போ."

"நான் நுவரெலியாவுல மாட்டிக்கிட்டேன்க்கா. ரோட்டுல மரம் விழுந்து கெடக்கு."

அவள் ஜீவராணியை அழைத்தாள். "ஜீவா, புள்ளயக் கூட்டிக்கிட்டு இப்பவே வெளிய போ. ஸ்கூல்ல, கோயில்ல, எங்கயாவது."

"இந்த மழையிலயா? ஏப்ரல்லயும் இப்படித்தான் போகச் சொன்னீங்க."

"அது வேற. இது வேற."

"எனக்கு ரெண்டும் ஒன்னுதான்க்கா. நாங்க வெளிய போனா நீங்க பூட்டு மாத்துவீங்க. தெலக்ஷன் அண்ணே போன மாசமே சொல்லிட்டுப் போனாரு, டிசம்பர் சீசனுக்கு வீடு வேணும்னு. புள்ளயோட அப்பாவும் வீட்டுல இல்லாத நேரம் சாமான எங்க கொண்டு போய் வைப்பேன்?"

திலக்ஷன் அப்படிச் சொன்னது தனுஜாவுக்குத் தெரியாது. ஆனால் அவன் சொல்லியிருக்கக்கூடியவன்தான். அப்படிச் சொல்லும்படி ஒரு நாள் தானே அவனிடம் கேட்டிருக்கக்கூடியவள்தான் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவள் புறக்கோட்டைக்குப் போய் பஸ் ஏறினாள். நேரில் போய்க் கையைப் பிடித்து இழுத்தாவது வெளியே கொண்டுவந்துவிடலாம் என்பதற்கு மேல் அவளிடம் திட்டம் எதுவும் இல்லை. கித்துல்கல தாண்டியதும் ரோட்டோரத்து வாய்க்கால்களில் செம்மண் நீர் ஓடியது. இரண்டரை மணிக்கு பஸ் கினிகத்தேனையில் நின்றது. கண்டக்டர் இறங்கிப் போய்க் கேட்டுவிட்டு வந்து, "பார வஹலா" என்றான். பாதை மூடியாகிவிட்டது. ஹட்டன் பக்கம் எதுவும் போகாது.

ரோட்டோரத் தேநீர்க்கடைக்குள் ஒதுங்கி மறுபடியும் அழைத்தாள். லைன் விட்டு விட்டுக் கிடைத்தது. ஜீவராணியின் குரல் மாறியிருந்தது. குசினித் தரையில் ஈரம் ஊறுவதாகச் சொன்னாள். ஆனாலும் போகமாட்டேன் என்றாள். அந்தப் பிடிவாதத்துக்குள் இருந்த பயம் தனுஜாவுக்கு அந்நியமில்லை. அக்கரப்பத்தனையில், கூரை பறந்த மழையிலும் காம்பராவை விட்டு இறங்க மாட்டேன் என்று அம்மா நின்றிருக்கிறாள். இறங்கினால் அடுத்த நாளே தோட்டத்து நிர்வாகம் அதை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும். வீடு இடிவதைவிட வீட்டுக்காரனுக்குப் பயப்படுகிறவர்கள் எப்படி இருப்பார்கள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்த வீட்டுக்காரனுடைய இடத்தில் தானே இருப்போம் என்பதைத்தான் அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

கடைக்காரச் சிங்களப் பெண்ணிடம் சிங்களத்தில் ஒரு தாள் கேட்டாள். அந்தப் பெண் தன் மகனுடைய கொப்பியிலிருந்து நடுத்தாளைக் கிழித்துக் கொடுத்தாள். தனுஜா தன் அடையாள அட்டை இலக்கத்தை முதலில் எழுதினாள். பிறகு, 'மூன்று வருடமாக என் கந்தப்பளை வீட்டில் குடியிருக்கும் ஜீவராணி, மழைக்காக வெளியே போகிறார். வீடு இருக்கும்வரை அது அவருக்குத்தான். இன்னும் இரண்டு வருடத்துக்கு வேறு யாருக்கும் கொடுக்கமாட்டேன், எழுப்பவும் மாட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். படம் எடுத்து அனுப்பினாள். ஜீவராணி பார்த்ததற்கான இரண்டு நீலக் குறிகள் விழும்வரை கைபேசியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பத்து நிமிடம் கழித்து பதில் வந்தது. "சரிக்கா. ஸ்கூலுக்குப் போறோம்."

வீட்டின் பின்பக்க மேடு ஐந்தரை மணிக்குச் சரிந்து இறங்கியது. கேரட் தோட்டத்தில் பாதியும் கல்கட்டும் சேர்ந்து குசினியையும் ஓர் அறையையும் மூடிவிட்டன. தகவல் தனுஜாவுக்கு மறுநாள் காலைதான் கிடைத்தது. அதுவரை அவள் கடைக்காரப் பெண்ணின் வீட்டில் ஒரு பாயில் உட்கார்ந்தே இருந்தாள்.

பாதை திறக்க ஆறு நாளானது. அவள் வத்தளைக்குப் போய்த் துணி மாற்றிக்கொண்டு மறுபடியும் ஏறினாள். கந்தப்பளை டவுனில் திலக்ஷன் ஆட்டோவோடு காத்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. பாதி வழியில், திரும்பிப் பார்க்காமலே பேசினான்.

"நிவாரணக் காசுக்குக் கிராம சேவகர் பேர் பதியிறாருக்கா. குடியிருந்தவங்க, இருந்ததுக்கு ஏதாச்சும் அத்தாட்சி காட்டணுமாம். ஜீவா போன்ல ஒங்க கடுதாசியைக் காட்டியிருக்கு. கையெழுத்துப் போட்ட தாள் வேணும்னுட்டாரு. நீங்க அதக் குடுக்காட்டி, குடியிருந்ததும் நீங்கதான்னு எழுதிக்கலாம். இவ்வளவும் போயிடுச்சே, அதுக்காகச் சொல்றேன்."

தாள் அவளுடைய கைப்பையில் இருந்தது. இறங்கும்போது, "டிசம்பருக்கு வீடு வேணும்னு நீ சொன்னியா?" என்று கேட்டாள். அவன் ஸ்டியரிங் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஜீவராணி வீட்டு முற்றத்தில் நின்றாள். முழங்கால்வரை சேறு. மண்ணுக்குள்ளிருந்து மகளின் புத்தகங்கள் ஏதாவது கிடைக்குமா என்று தேட வந்திருந்தாள். ஒரு சருவச்சட்டியும் ஒற்றைச் செருப்பும் கிடைத்திருந்தன. முன்சுவரில் அதிகாரிகள் சிவப்பு அட்டை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். இனி அந்த இடத்தில் எதையும் கட்ட முடியாது. தனுஜா சுவரைத் தொட்டுப் பார்த்தாள். நீல வர்ணம். படங்களில் அது இன்னும் வெளிறித் தெரிந்திருந்தது.

அவள் தாளை எடுத்து நீட்டினாள். ஜீவராணி சேற்றுக் கையைப் பார்த்துவிட்டு, "பைக்குள்ளயே வைங்க, பொறவு வாங்கிக்கிறேன்" என்றாள்.

"இல்ல, இப்பவே வாங்கிக்க."

ஜீவராணி பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். பிறகு, நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்.

"அக்டோபர்ல வெடிப்புப் படம் அனுப்பினேனே. பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு?"

"பொய்னு நெனச்சேன்."

மேட்டிலிருந்து ஒரு சின்னக் கல் உருண்டு வந்து சேற்றில் புதைந்தது. ஜீவராணி தலையை மட்டும் அசைத்தாள். மன்னித்ததற்கான அசைவாக அது இல்லை. தான் முன்பே யோசித்து வைத்திருந்த ஒன்றைச் சரி பார்த்துக்கொண்டது போல் இருந்தது. "ரூபிகா ஸ்கூல்ல தூங்க மாட்டேங்குது" என்றாள் சற்றுப் பொறுத்து. "கதவப் பாரு, கதவப் பாருன்னுது."

தனுஜா, மண் மூடிக் கிடந்த குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

முற்றத்து ஓரத்தில் ஒரு குழாய் மட்டும் உடையாமல் நின்றது. யாரும் மூடாமல் விட்டதில் அது ஒழுகிக்கொண்டே இருந்தது. ஜீவராணி போய்க் குந்தி, முதலில் சட்டியைக் கழுவினாள். பிறகு செருப்பை, அதன் பிறகு கால்களை. சேறு மஞ்சளாக ஓடி வாசலைத் தாண்டி ரோட்டுப் பக்கம் இறங்கியது. முடித்துவிட்டு எழுந்தவள் குழாயை மூடவில்லை. தனுஜாவின் சேறு படிந்த கால்களைப் பார்த்தாள். ஓரடி தள்ளி நின்று இடம் விட்டாள்.